பேங்க்காரங்க போனஸுக்கு என்ன செய்யலாம்: வரியா, உச்சவரம்பா, தள்ளிக் குடுக்கிறதா?

2009 மார்ச்ல ஏஐஜி இன்சூரன்ஸ் கம்பெனி தன்னோட ஃபைனான்ஷியல் ப்ராடக்ட்ஸ் பிரிவு ஆளுங்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் குடுத்துச்சு. கம்பெனியை கவுத்ததே அந்தப் பிரிவு எழுதித் தள்ளின கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப்தான் (கடன் திரும்ப வராம போனா ஈடு கட்டறேன்னு எழுதிக் குடுக்கற ஒப்பந்தம்), அதைக் காப்பாத்த அமெரிக்க அரசாங்கம் ஒதுக்கின தொகை கடைசில 18,200 கோடி டாலர் வரைக்கும் போச்சு. அதே வருஷம் ஜூலைல நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ ஒரு அறிக்கை விட்டார், அரசாங்கத்துகிட்ட 17,500 கோடி டாலர் வாங்கின ஒன்பது பேங்க் 2008-க்கு மட்டும் 3,260 கோடி டாலர் போனஸ் குடுத்திருக்குன்னு. ஜனங்க கொதிச்சதுல எந்தத் தப்பும் இல்லை. ஆனா அந்தக் கொதிப்பு சட்டமா மாறினப்போ ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பக்கம் போச்சு, இத்தனை வருஷம் கழிச்சு எது வேலை செஞ்சது எது செய்யலைன்னு ஓரளவு தெரியுது, அதனால பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். எவ்வளவு குடுக்கிறாங்கங்கறதை விட எப்போ குடுக்கிறாங்க, எந்த வடிவத்துல குடுக்கிறாங்கங்கறதுதான் ஆபத்தை உண்டாக்குது. தொகைக்கு உச்சவரம்பு போடற சட்டத்தை விட, பணத்தை பல வருஷம் பிடிச்சு வச்சு, பேங்க் முங்கினா அதுவும் சேர்ந்து முங்கற மாதிரி செய்யற சட்டம் பல மடங்கு நல்லது. அதோட பேங்க் கையில சொந்தப் பணம் நெறைய இருக்கணும், அது இல்லாம சம்பள விதி என்ன போட்டாலும் நிக்காது.

ஏன்னு புரிய அந்த வியாபாரம் எப்படி ஓடுச்சுன்னு பாக்கணும். வீட்டுக்கடன் பத்திரங்க மேல ஒரு டிரேடர் இன்சூரன்ஸ் மாதிரி ஒண்ணை விக்கறார்னு வைங்க. பிரீமியம் வருஷா வருஷம் வருது, அது லாபமா கணக்குல ஏறுது, அந்த லாபத்துல ஒரு பங்கு டிசம்பர்ல போனஸா அவர் அக்கவுண்டுக்குப் போயிடுது. நஷ்டம் எப்போ வரும்? அஞ்சாவது வருஷமோ ஆறாவது வருஷமோ வரும், வந்தா மொத்தமா வரும். அதுக்குள்ள அஞ்சு போனஸ் வாங்கி செலவும் பண்ணியாச்சு. இதுல சட்டத்தை மீறின ஆள் யாருமே இருக்க வேண்டியதில்லை, கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை முடிச்சு பணத்தைக் குடுக்கற ஏற்பாடே ஆளை அந்தப் பக்கம் தள்ளுது. ஹார்வர்டுல லூசியன் பெப்சக்கும் அவர் கூட இருந்தவங்களும் கணக்குப் போட்டுப் பாத்தாங்க. 2000-லேர்ந்து 2008 வரைக்கும் பேர் ஸ்டெர்ன்ஸ்ங்கற முதலீட்டு பேங்க்கோட மேல்மட்டத்துல இருந்த அஞ்சு பேர் போனஸாவும் ஷேர் வித்தும் சுமார் 140 கோடி டாலர் எடுத்திருக்காங்க, இன்னொரு முதலீட்டு பேங்க்கான லேமன் பிரதர்ஸ்ல அஞ்சு பேர் சுமார் 100 கோடி டாலர். ரெண்டு நிறுவனமும் அழிஞ்சு போச்சு, அந்தப் பணம் அழியலை.

இப்போ முதல் வழி, வரி. 2009 டிசம்பர்ல பிரிட்டன் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் 25,000 பவுண்டுக்கு மேல போற போனஸுக்கு 50 சதவீதம் வரி போட்டார், ஒரே ஒரு தடவைக்கு, அதுவும் பேங்க் கட்டணும். 55 கோடி பவுண்ட் வரும்னு மதிப்பு போட்டாங்க, வந்தது 300 கோடிக்கும் மேல. கஜானாவுக்கு நல்ல செய்தி. ஆனா அவ்வளவு வந்ததுக்கு அர்த்தம் என்னன்னா பேங்க் எதுவும் போனஸை பெருசா குறைக்கலை, வரியையும் சேர்த்துக் கட்டிட்டு குடுத்துட்டே இருந்தாங்க, பாரம் ஷேர் ஹோல்டர் தலையில விழுந்துச்சு. மக்கள் பணத்துல பொழச்ச ஒரு துறை கொஞ்சம் திருப்பிக் குடுக்கட்டும்ங்கற நியாயத்துக்கு இந்த வரி சரி, அதை நான் ஆதரிக்கிறேன். டிரேடரோட புத்தியை மாத்த இது உதவாது, ஏன்னா வரி போன வருஷத்து லாபத்தைத்தான் தொடுது. அமெரிக்காவுல இன்னும் வேகமா போனாங்க, உதவி வாங்கின கம்பெனிகளோட போனஸுக்கு 90 சதவீதம் வரின்னு கீழ்சபைல 328-க்கு 93-ன்னு பாஸ் ஆச்சு, செனட்ல அது நகரவே இல்லை.

வரிக்கு பதிலா அமெரிக்கா செஞ்சது கென்னத் ஃபைன்பெர்க்கை நியமிச்சது. 2009 ஜூன்ல. ஏஐஜி, சிட்டிகுரூப், பேங்க் ஆஃப் அமெரிக்கா, அப்புறம் கார் கம்பெனிகள் ரெண்டு, அதுங்களோட கடன் கம்பெனிகள் ரெண்டு, ஆக ஏழு நிறுவனத்துல மேல்மட்ட சம்பளத்தை அவரே நிர்ணயிச்சார். ரொக்கத்தை சராசரியா 90 சதவீதம் வெட்டினார், மிச்சத்தை நீண்ட காலம் விக்க முடியாத ஷேரா மாத்தினார். அரசாங்கமே முதலாளியா இருக்கற வரைக்கும் இது நடக்கும். சிட்டியும் பேங்க் ஆஃப் அமெரிக்காவும் அந்த டிசம்பர்லயே உதவிப் பணத்தைத் திருப்பிக் கட்டிட்டு வெளிய போனாங்க, அந்த அவசரத்துக்கு இந்தச் சம்பளக் கட்டுப்பாடும் ஒரு காரணம்னு அப்பவே பேசிக்கிட்டாங்க. நிரந்தரமா ஒரு அதிகாரி உக்காந்து எல்லா பேங்க் சம்பளத்தையும் முடிவு பண்றதுங்கறது நடக்கற காரியம் இல்லை.

மேல்மட்ட சம்பளத்து மேல ஷேர் ஹோல்டர் ஓட்டுன்னு ஒண்ணு இருக்கு. 2010-ல வந்த டாட்-ஃபிராங்க் நிதித்துறை சீர்திருத்தச் சட்டம் அமெரிக்காவுல அதைக் கொண்டு வந்துச்சு, ஆனா அந்த ஓட்டு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது, வெறும் கருத்துதான். 2012-ல சிட்டி ஷேர் ஹோல்டர்ல 55 சதவீதம் பேர் தலைமை அதிகாரி விக்ரம் பண்டிட்டோட சம்பளத்துக்கு எதிரா போட்டாங்க, அது ஒரு அவமானமா இருந்துச்சு, அவ்வளவுதான். எனக்கு இதுல இருக்கற பெரிய குறை வேற. கடன் வாங்கி சூதாடினா ஷேர் ஹோல்டருக்கும் லாபம்தான், நஷ்டம் எல்லை தாண்டினா அது டெபாசிட் போட்டவங்க தலையிலயோ அரசாங்கத்து தலையிலயோ விழும். அப்போ ரிஸ்க்கைக் குறைக்க அவங்களைக் காவலுக்கு வைக்கறதுல பிரயோஜனம் இல்லை.

இனி ஐரோப்பிய யூனியன் போட்ட உச்சவரம்பு, இதைப் பத்திதான் அதிகமா சண்டை. 2014-லேர்ந்து போனஸ் நிலையான சம்பளத்தைத் தாண்டக் கூடாது, ஷேர் ஹோல்டர் ஒத்துக்கிட்டா ரெண்டு மடங்கு வரைக்கும் போலாம். கேக்க எளிமையா இருக்கு, ஜனங்களுக்கும் புரியும், பெரிய போனஸுக்காக பெரிய ரிஸ்க் எடுக்கற ஆசை குறையும்னு நினைச்சாங்க. அந்த வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளலை. சம்பளத்தைப் போல பத்து மடங்கு போனஸா வர்ற ஆளுக்கும் ஒரு மடங்கு வர்ற ஆளுக்கும் தைரியம் ஒரே மாதிரி இருக்காது. ஆனா நடந்தது என்ன, பேங்க்குங்க நிலையான சம்பளத்தை ஏத்திட்டாங்க. எச்எஸ்பிசி 2014-ல தலைமை அதிகாரி ஸ்டூவர்ட் கல்லிவருக்கு சம்பளத்துக்கு மேல வருஷத்துக்கு 17 லட்சம் பவுண்ட் அலவன்ஸ்னு ஷேரா குடுத்துச்சு, போனஸ்னு பேர் இல்லை, அதனால வரம்புக்குள்ள வராதுன்னு கணக்கு. இன்னும் பல பேங்க் இதே மாதிரி செய்ய, அந்த வருஷம் அக்டோபர்ல ஐரோப்பிய பேங்கிங் ஆணையம் பாதிக்கும் மேல இந்த அலவன்ஸுங்க விதிக்கு ஒத்து வரலைன்னு சொன்னாங்க. அப்புறம் அதை வேற மாதிரி மாத்தி எழுதினாங்க.

இதுல சுத்தி வளைச்சுப் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அதை விட முக்கியமா படறது, நிலையான சம்பளத்தைத் திருப்பி வாங்க முடியாது, நஷ்ட வருஷத்துல குறைக்கவும் முடியாது. போனஸா இருந்தா அதை நிறுத்தலாம், தள்ளிப் போடலாம், பிடுங்கலாம். உச்சவரம்பு போட்டதால, பிடியில வச்சிருக்கக்கூடிய பணம் பிடிக்க முடியாத பணமா மாறிடுச்சு, பேங்க்கோட நிலையான செலவும் ஏறிடுச்சு. பிரிட்டனோட மத்திய பேங்க்கான பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஆரம்பத்துலேர்ந்தே இதைத்தான் சொல்லிட்டு இருந்துச்சு, அரசாங்கம் ஐரோப்பிய கோர்ட்டுக்கே போச்சு, 2014 நவம்பர்ல அந்தக் கோர்ட்டோட ஆலோசகரான அட்வகேட் ஜெனரல் எதிரா கருத்து சொன்னதும் வழக்கை வாபஸ் வாங்கிட்டாங்க. யூனியனை விட்டு வெளிய வந்த பிறகு 2023 அக்டோபர் 31-லேர்ந்து வரம்பை எடுத்துட்டாங்க. எடுத்ததை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா எடுத்தப்போ அரசியல்வாதிங்க சொன்ன காரணம் லண்டனுக்கு போட்டி அதிகமா இருக்குங்கறது, அது மோசமான காரணம், ஏன்னா அதே காரணத்தை வச்சு அடுத்தடுத்த விதியையும் எடுக்கலாம்.

நம்ம ரிசர்வ் பேங்க் பண்ணினது ஐரோப்பாவுக்கு கிட்டத்தட்ட நேர் எதிர். 2019 நவம்பர்ல தனியார் பேங்க் தலைமை அதிகாரிகளுக்கு போட்ட விதிப்படி மொத்த சம்பளத்துல குறைஞ்சது பாதி செயல்பாட்டைப் பொறுத்து மாறற பணமா இருக்கணும், அது நிலையான சம்பளத்தோட மூணு மடங்கைத் தாண்டக் கூடாது, அதுல குறைஞ்சது 60 சதவீதத்தை மூணு வருஷமாவது தள்ளிப் போடணும், தப்பு நடந்தா நிறுத்தவும் திருப்பி வாங்கவும் ஏற்பாடு இருக்கணும். அதாவது பிடியில இருக்கற பணத்தை அதிகமாக்கி, அப்புறம் பிடிச்சு வச்சுக்கோன்னு சொல்றாங்க. யோசனை அளவுல இது ஐரோப்பிய விதியை விட சரியான இடத்துல கை வைக்குது, மூணு வருஷம்ங்கறதுதான் குறைச்சல்.

தள்ளிக் குடுக்கிறதுக்கான அளவுகோல் உலக அளவுல 2009 செப்டம்பர்லயே வந்துடுச்சு. பிட்ஸ்பர்க்ல ஜி20 கூடினப்போ நிதி நிலைத்தன்மை வாரியம் போட்ட தரப்படி, பெரிய ரிஸ்க் எடுக்கற ஆளுங்க போனஸ்ல 40-லேர்ந்து 60 சதவீதத்தை குறைஞ்சது மூணு வருஷம் தள்ளணும், பாதிக்கு மேல ஷேரா இருக்கணும். பிரிட்டன் இதை வச்சு ரொம்ப தூரம் போச்சு, மேல்மட்ட மேனேஜர்களுக்கு 2025 வரைக்கும் ஏழு வருஷம் தள்ளிப் போட வேண்டியிருந்துச்சு, குடுத்ததை ஏழு வருஷம் வரைக்கும் திருப்பி வாங்கலாம், விசாரணை நடந்துட்டு இருந்தா பத்து வருஷம் வரைக்கும்.

இதுல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும். இன்னும் கைக்கு வராத பணத்தை நிறுத்தறது ஒண்ணு, கைக்குப் போன பணத்தைத் திருப்பி வாங்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு வக்கீல், கோர்ட்டு, வருஷக் கணக்குல இழுத்தடிப்பு, செலவாயிடுச்சுன்னு கைவிரிப்பு எல்லாம் உண்டு. முதலாவதுக்கு ஒரு போர்டு மீட்டிங் போதும். வெல்ஸ் ஃபார்கோ விஷயத்துல இது நல்லா தெரிஞ்சது. வாடிக்கையாளருக்கே தெரியாம லட்சக்கணக்குல போலி அக்கவுண்ட் திறந்த விவகாரம் 2016 செப்டம்பர்ல வெடிச்சப்போ, தலைமை அதிகாரி ஜான் ஸ்டம்ப்ஃபோட இன்னும் கைக்கு வராத 4.1 கோடி டாலர் ஷேரை போர்டு அந்த மாசமே நிறுத்திடுச்சு. ஏற்கனவே குடுத்ததுல 2.8 கோடியைத் திரும்ப எடுக்க முடிவு வந்தது 2017 ஏப்ரல்ல, அதுவும் பெரிய விசாரணை நடத்தி அறிக்கை வாங்கின பிறகு. தள்ளி வச்ச பணம் அங்க இருந்ததாலதான் அந்த வேகம் கிடைச்சது. அதுக்கு முன்னாடி கீழ்மட்டத்துல 5,300 பேரை வேலையை விட்டு எடுத்திருந்தாங்க, மேல இருந்தவங்க பணத்துல யாரும் கை வைக்கலைங்கறது மறக்கக் கூடாத விஷயம், பத்திரிகையும் நாடாளுமன்றமும் சத்தம் போட்ட பிறகுதான் போர்டுக்கு தைரியம் வந்துச்சு. போர்டு நினைச்சா நிறுத்தலாம்னு எழுதற விதிக்கும் இது நடந்தா தானா நிக்கும்னு எழுதற விதிக்கும் நடைமுறைல பெரிய தூரம்.

சரி, தள்ளி வைக்கறோம், எந்த வடிவத்துல வைக்கறது? பெரும்பாலும் ஷேரா வைங்கன்னுதான் சொல்றாங்க. நான் இங்கதான் மாறுபடறேன். லேமன்ல ஊழியர்கள் கையில சுமார் 30 சதவீத ஷேர் இருந்துச்சு, தலைமை அதிகாரி ரிச்சர்ட் ஃபுல்டோட ஷேர் மதிப்பு உச்சத்துல 100 கோடி டாலர் கிட்ட இருந்து கரைஞ்சு போச்சு. சொந்த ஷேர் வச்சிருந்தா ஜாக்கிரதையா இருப்பாங்கன்னா லேமன்தான் உலகத்துலயே ஜாக்கிரதையான பேங்க்கா இருந்திருக்கணும். ஃபாலென்பிராக், ஸ்டுல்ஸ்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் தேடிப் பாத்ததுலயும், ஷேர் ஹோல்டர் நலனோட நல்லா ஒட்டியிருந்த தலைமை அதிகாரிகளோட பேங்க் 2008 நெருக்கடில நல்லா நின்னதுக்கு ஆதாரம் இல்லை, கொஞ்சம் மோசமா செஞ்சதுக்குத்தான் ஆதாரம் கிடைச்சுது. காரணம் புரியறது கஷ்டம் இல்லை. ஒரு டாலர் சொந்தப் பணத்துக்கு முப்பது டாலர் சொத்து வச்சிருந்தா, விலை மூணு சதவீதம் ஏறினா ஷேர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகுது, மூணு சதவீதம் இறங்கினா கிட்டத்தட்ட சைபர், அதுக்கும் கீழ எவ்வளவு இறங்கினாலும் சைபர்தான், அதுக்கப்புறம் அடி கடன் குடுத்தவனுக்கு. ஏறினா பூரா லாபமும் எனக்கு, இறங்கினா பாதில நஷ்டம் நின்னுடும்ங்கற ஒப்பந்தம் கையில இருக்கற ஆள் ரிஸ்க்கை விரும்பத்தான் செய்வார்.

கடன் பத்திரம் வச்சிருக்கறவர் மனசு வேற மாதிரி. பேங்க் பிரமாதமா ஓடினாலும் அவருக்கு அதே வட்டி, முங்கினா முதல் போச்சு. அதனால அவர் பேங்க் பொழச்சுக் கிடக்கணும்னு மட்டும்தான் நினைப்பார், அந்த மனசுதான் மேல்மட்டத்துல வேணும். 2014 அக்டோபர்ல நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் தலைவரா இருந்த வில்லியம் டட்லி இதையே சொன்னார், மேல்மட்ட ஆளுங்களோட தள்ளி வச்ச பணத்தைக் கடன் பத்திரமா வைங்க, பேங்க்குக்கு பெரிய அபராதம் வந்தா முதல்ல அதுலேர்ந்து கட்டுங்க, அப்போ ஒருத்தர் தப்பு பண்ணினா பக்கத்து சீட்டுக்காரர் கேள்வி கேப்பார்னு.

இது காகிதத்துல மட்டும் இருக்கற யோசனை இல்லை. சுவிஸ் பேங்க்கான யூபிஎஸ் 2012 போனஸ்லேர்ந்தே ஒரு பகுதியை அஞ்சு வருஷப் பத்திரமா குடுக்க ஆரம்பிச்சது, கேப்பிட்டல் விகிதம், அதாவது சொத்துக்கு எதிரா பேங்க் வச்சிருக்கற சொந்தப் பணத்தோட அளவு, ஒரு எல்லைக்குக் கீழ போனா அது அழிஞ்சிடும். கிரெடிட் சுவிஸ் 2008 கடைசிலயே இன்னொண்ணு செஞ்சது, யாரும் வாங்க ஆள் இல்லாம கிடந்த 500 கோடி டாலர் வரைக்குமான சொத்தை ஒரு நிதியா கட்டி மூத்த ஊழியர்களோட போனஸை அதுலேர்ந்து குடுத்துச்சு, அவங்க சேர்த்து வச்சது அவங்களுக்கே. அப்போ அந்த வடிவம் இருந்தா பேங்க் காப்பாத்தப்பட்டிருக்கணுமேன்னு கேப்பீங்க, ஏன்னா 2023 மார்ச்ல கிரெடிட் சுவிஸே போச்சு. நியாயமான கேள்வி. அங்க 1,600 கோடி ஃப்ராங்க் பத்திரம் அழிக்கப்பட்டப்போ ஊழியர்களுக்கு அதே மாதிரி குடுத்திருந்த பத்திரங்களும் சேர்ந்து போச்சு, அது செல்லுமாங்கற வழக்கு கோர்ட்டுக்குப் போச்சு. ஆனா அந்தப் பத்திரம் மொத்த போனஸ்ல ஒரு துண்டுதான், மிச்சமெல்லாம் பழைய வடிவம். துண்டு துண்டா வச்சா மனசு மாறாது, பாதிக்கு மேல அப்படி இருக்கணும்.

இதுக்கெல்லாம் அடித்தளம் கேப்பிட்டல்தான், அதைச் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா அதுல கருத்து வேறுபாடு கொஞ்சம்தான். நெருக்கடிக்கு முன்னாடி ரிஸ்க்குக்கு ஏத்து கணக்குப் போட்ட சொத்துல வெறும் ரெண்டு சதவீதம் உண்மையான சொந்தப் பணம் இருந்தா போதும்னு விதி. நெருக்கடிக்கு அப்புறம் வந்த பேசல் 3ங்கற சர்வதேச பேங்கிங் விதி அதை 4.5 ஆக்கி, மேல 2.5 சதவீதம் காப்புன்னு சேர்த்தது, பெரிய பேங்க்குக்கு இன்னும் கூட. அந்தக் காப்புல கை வச்சா டிவிடெண்டும் போனஸும் தானா குறைக்கப்படும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி, யாரோட தைரியத்தையும் நம்பி இல்லை, கணக்கு இறங்கினா பணம் நிக்கும். பேசல் 3-ல ரிஸ்க் கணக்கு இல்லாம மொத்த சொத்துல சொந்தப் பணம் எவ்வளவுன்னு பாக்கற லெவரேஜ் அளவு மூணு சதவீதம்தான், அதாவது இன்னமும் முப்பத்து மூணுக்கு ஒண்ணு, அது போதவே போதாது.

ஜெயில்ங்கற வழியையும் கேப்பீங்க. ஐஸ்லாந்துல மூணு பெரிய பேங்க்கும் 2008 அக்டோபர்ல விழுந்த பிறகு தலைமை அதிகாரிகளையே உள்ள வச்சாங்க. பிரிட்டன் 2013 சட்டத்துல பொறுப்பில்லாம பேங்க்கைக் கவுத்தா ஏழு வருஷம் வரைக்கும் தண்டனைன்னு எழுதினாங்க. மோசடிக்கு ஜெயில் வேணும், அதுல ரெண்டு பேச்சு இல்லை. ஆனா முடிவு எடுத்த நேரத்துலயே ரிஸ்க் தெரியும்னு, அந்த நடத்தை அந்தப் பதவில எதிர்பாக்கற தரத்தை விட ரொம்பக் கீழ இருந்துச்சுன்னு, அதாலதான் பேங்க் விழுந்துச்சுன்னு மூணையும் கோர்ட்டுல நிரூபிக்கணும். கமிட்டில பதினஞ்சு பேர் கையெழுத்து போட்ட முடிவுல அது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க.

விதி எழுதறதை விட அதைக் காப்பாத்தறது கஷ்டம். டாட்-ஃபிராங்க் சட்டத்தோட 956-வது பிரிவு பேங்க் போனஸுக்கு விதி போடச் சொல்லுது, 2011-ல ஒரு வரைவு, 2016-ல ஒரு வரைவு, 2024-ல மறுபடி சில அமைப்பு மட்டும் எடுத்துச்சு, முடிஞ்ச பாடில்லை. 2023 மார்ச் 10-ஆம் தேதி சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டது, அன்னிக்கே ஊழியர்களுக்கு போன வருஷத்து போனஸ் வந்து சேர்ந்துச்சு. பிரிட்டனும் 2025-ல மேல்மட்ட மேனேஜர்களுக்கான தள்ளிவைப்பை நாலு வருஷமா குறைச்சிடுச்சு. உச்சவரம்பை எடுத்தப்போ, கவலைப்படாதீங்க தள்ளிவைப்பு இருக்குன்னாங்க, ரெண்டே வருஷத்துல அதையும் கிட்டத்தட்ட பாதியாக்கிட்டாங்க. இது எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயம். கடன் வியாபாரத்துல தப்பு வெளிய தெரிய நாலு வருஷத்துக்கு மேல ஆகும்ங்கறதை 2008-ல பாத்தாச்சு.

ஆக என் கையில முடிவு இருந்தா, பேங்க்கையே கவுக்கக்கூடிய அந்தச் சில நூறு பேருக்கு மட்டும் ஏழு வருஷத் தள்ளிவைப்பு, தள்ளி வச்சதுல பாதிக்கு மேல கடன் பத்திரம், கேப்பிட்டல் இறங்கினா போர்டைக் கேக்காம தானா அழியணும். மடங்கு வரம்பு வேண்டாம். வரி, அரசாங்கம் காசு போட்டுத் தூக்கி விட்ட வருஷத்துக்கு மட்டும். கீழ்மட்ட கிளை ஊழியர் யாரும் இதுல வர வேண்டியதே இல்லை.

ஒரு ஓட்டை மட்டும் ஒரு நாடு தனியா அடைக்க முடியாது. தள்ளி வச்ச பணம் இருக்கற ஆள் வேற பேங்க்குக்குத் தாவினா, பழைய பேங்க்ல விட்டுட்டு வர்ற பணத்தைப் புது பேங்க் ஈடு கட்டிக் குடுக்கும், அதோட பழைய தப்புக்கான பிடி அறுந்து போச்சு. பிரிட்டன் இதுக்கு 2017-லேர்ந்து விதி வச்சிருக்கு, பழைய பேங்க் தப்பு கண்டுபிடிச்சுச் சொன்னா புது பேங்க் அந்த ஈட்டுப் பணத்தை வெட்டணும். நல்ல விதி, ஆனா ரெண்டு பேங்க்கும் பிரிட்டன் விதிக்குள்ள இருந்தாத்தான். அவர் நியூயார்க்கோ சிங்கப்பூரோ போயிட்டா அந்த விதி அவர் பின்னாடி வராது, அதனால ஜி20 2009 தரத்தைத் திருத்தறப்போ முதல்ல எழுத வேண்டிய பிரிவு இந்த ஈட்டுப் பணத்தைப் பத்திதான்.